பேராசிரியர் மகலனோபிஸும் என் பத்து ஓட்டங்களும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. மறைந்த பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதிக் கொடுங்க, இப்போ படிக்கிற பசங்களுக்கும் பயன்படுற மாதிரி இருக்கட்டும் என்றார்கள். யாரை எழுதுவது என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை. நான் நேரில் பார்த்தே இராத ஒருவரிடம் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. அவர் கண்ணை மூடியபோது நான் கைக்குழந்தை. வேலூர் பக்கம் அவர் வந்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் நான் செய்த தப்பை எனக்குப் புரியவைத்தவர் அவர்தான். அவர் பெயர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அவர் வாழ்க்கையைச் சொன்னால் பரீட்சைக்குக் குறிப்பு எழுதின மாதிரி ஆகிவிடும்.

31 நிமிடம்

நம் கல்லூரியில் கணிதம் முடித்துவிட்டு, ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் திட்டப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். 1996. பாலாற்றுக் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வருஷம் என்றால் பழைய மாணவர்களுக்குச் சட்டென்று நினைவு வரும். ஆம்பூர் இன்று திருப்பத்தூர் மாவட்டம். அன்று நாமெல்லாம் ஒரே மாவட்டம்.

தோல் தெரியாத தம்பி தங்கைகளுக்கு இரண்டு வரி. குரோம் போட்டுப் பதனிட்ட தோல் டிரம்மிலிருந்து நீல நிறத்தில் வெளியே வரும். அதை வெட் ப்ளூ என்பார்கள். அதிலிருக்கும் நீரை மிஷினில் பிழிந்து, பிறகு ஷேவிங் மிஷினில் ஒரே கனத்துக்குச் சீவ வேண்டும். பிழிந்த தோல் ரொம்ப நேரம் வெளியே கிடந்தால் ஓரம் காய்ந்துபோகும். ஓரம் ஒரு ஈரம், நடு ஒரு ஈரம் என்று ஆகிவிட்டால் சீவுகிறபோது கனம் சீராக வராது. ஆகவே ஷேவிங் மிஷின் முன்னால் தள்ளுவண்டிகள் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பது காசு சம்பந்தப்பட்ட விஷயம்.

எங்களிடம் இருந்தது ஒரே மிஷின். ஒரு வண்டித் தோலைச் சீவச் சராசரி 6 நிமிடம். புது ஆர்டர் வந்தால் மணிக்கு 9 வண்டி வரும். முதலாளி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: இன்னொரு மிஷின் வாங்கணுமா, வேண்டாமா? வண்டி சராசரியாக முக்கால் மணிக்குள் உள்ளே போய்விட்டால் சமாளிக்கலாம் என்பது மேஸ்திரியின் அனுபவம்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கல்லூரி லேபில் அனுமதி வாங்கி, 386 கம்ப்யூட்டரில் பேசிக் மொழியில் ஒரு சிமுலேஷன் எழுதினேன். வண்டிகள் தாறுமாறான இடைவெளியில் வருகின்றன. சீவும் நேரமும் தாறுமாறாக மாறுகிறது. கம்ப்யூட்டர் ரேண்டம் எண்களைப் போட்டு 500 வண்டிகளை ஓட்டிக் காட்டுகிறது. சராசரிக் காத்திருப்பு 31 நிமிடம் என்று வந்தது. பாடப் புத்தகத்தில் படித்தபடி திட்ட விலக்கத்தை 500-இன் வர்க்கமூலத்தால் வகுத்து, கூட்டல் கழித்தல் இரண்டரை நிமிடம் என்று பிழையும் போட்டேன். 95 சதவீத நம்பிக்கை என்று தடித்த எழுத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்து முதலாளி மேசையில் வைத்தேன். மிஷின் வாங்கவில்லை. ஆர்டர் எடுத்தார்கள்.

இரண்டு மாதத்தில் தெரிந்துபோயிற்று. வண்டிகள் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் நின்றன. ஓரம் காய்ந்த தோலை மறுபடி நனைத்தார்கள். அது சரியாக வரவில்லை. ஒரு பங்கு தரம் குறைந்து, கேட்ட விலைக்குப் போனது. கப்பல் தேதியைப் பிடிக்க, பீஸ் ரேட்டில் வேலை செய்த ஆட்கள் ராத்திரி ராத்திரியாக நின்றார்கள். நனைத்து மறுபடி சீவின தோலுக்கு அவர்களுக்குக் கூலி கிடையாது. முதலாளி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேஸ்திரி மட்டும், வண்டி எப்பவும் கும்பலாத்தானே சாரு வரும், உங்க பொட்டிக்கு அது தெரியாதா என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பஸ் பிடித்து வேலூர் வந்து, நம் புள்ளியியல் பேராசிரியர் முன்னால் அந்தத் தாளை வைத்தேன். சார் ஒரு சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். மணிக்கு 9 வருகிறது, மிஷின் மணிக்கு 10 முடிக்கும். நீ போட்ட அனுமானங்கள் அத்தனையும் உண்மை என்றால், 0.9-ஐ 10 கழித்தல் 9-ஆல் வகுத்தால் 0.9 மணி. அதாவது 54 நிமிடம். ஒரே வரி. என் புரோகிராமுக்கு உரிய சரியான விடை 54. நான் 95 சதவீத நம்பிக்கையோடு சொன்னது இருபத்தெட்டரைக்கும் முப்பத்துமூன்றரைக்கும் நடுவில். புரோகிராமில் தப்பே இல்லை. பிழை கணக்கில்தான் பிழை.

சார் கேட்டது ஒன்றுதான். வேற ரேண்டம் எண் போட்டு இதை எத்தனை தடவை ஓட்டினே? ஒரே தடவை சார் என்றேன். மகலனோபிஸ் உன்னைத் தன் வயல் வேலைக்குக்கூடச் சேர்த்திருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டு, நூலகத்துக்குப் போகச் சொன்னார். அப்படித்தான் அவர் எனக்கு அறிமுகம்.

ராமானுஜனின் நண்பர்

மகலனோபிஸ் 1893 ஜூன் 29-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்த குடும்பம். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் பாடம் நடத்திய காலம். 1912-இல் பட்டம் பெற்று, 1913-இல் இங்கிலாந்து போனார்.

போனது லண்டனில் படிக்க. ஒரு நாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர் கடைசி ரயிலைத் தவறவிட்டார். நண்பர் வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. கிங்ஸ் கல்லூரியின் தேவாலயத்தைப் பார்த்து மயங்கி, அங்கேயே சேர்ந்துவிட்டார். நம்மில் எத்தனை பேர் பக்கத்து வீட்டு அண்ணன் படிக்கிறான் என்று ஒரு பாடத்தில் சேர்ந்தோம்! பெரியவர்கள் கதையும் அப்படித்தான் இருக்கிறது.

அங்கேதான் நம்ம ஊர் ராமானுஜன் அவருக்கு நண்பரானார். 1914-இல் வந்த ராமானுஜனுக்குக் குளிர் தாங்கவில்லை. படுக்கையில் கம்பளிகளை மடித்துச் செருகி வைத்திருப்பார்கள். அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று தெரியாமல், கோட்டுப் போட்டுக்கொண்டு மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். கம்பளியை விலக்கிக் காட்டிப் படுக்கச் சொல்லிக் கொடுத்தவர் மகலனோபிஸ். இன்னொரு நாள் ராமானுஜன் காய்கறி வதக்கிக்கொண்டிருக்கும்போது, பத்திரிகையில் வந்த புதிர் ஒன்றை இவர் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள் என்றால் அது எந்த வீடு? 288 வீடுள்ள தெருவில் 204-ஆம் வீடு. இவர் தட்டுத் தடுமாறி அந்த ஒரு விடையைக் கண்டுபிடித்திருந்தார். ராமானுஜனோ கரண்டியைக் கிண்டிக்கொண்டே, எந்த அளவுத் தெருவுக்கும் பொருந்தும் எல்லா விடைகளையும் ஒரு தொடர் பின்னமாகச் சொல்லிவிட்டார்.

1915-இல் படிப்பு முடிந்தது. மறுபடி ஆராய்ச்சிக்கு வரலாம் என்று விடுமுறையில் ஊருக்குக் கிளம்பும் சமயம், கிங்ஸ் கல்லூரி நூலகத்தில் ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிக்கா என்ற புள்ளியியல் இதழின் தொகுதிகளைக் காட்டினார். மகலனோபிஸ் ஒரு முழுத் தொகுதி வரிசையையே விலைக்கு வாங்கிக் கப்பலில் படித்துக்கொண்டு வந்தார். கரையிறங்கியபோது இயற்பியல்காரர் பாதி புள்ளியியல்காரராகியிருந்தார். திரும்பிப் போகவில்லை. பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்தார். 1923-இல் நிர்மல் குமாரியை மணந்தார். தாகூருக்கு நெருக்கமானவர், விஸ்வபாரதியின் தொடக்க காலத்தில் அதன் செயலாளர் பொறுப்பிலும் இருந்தார்.

ஒரு அறை, 238 ரூபாய்

அவர் கையில் எடுத்ததெல்லாம் தெருவிலும் ஆற்றிலும் கிடந்த கேள்விகள். 1926-இல் ஒரிசாவில் பெருவெள்ளம். ஆற்றுப் படுகை மேடேறிவிட்டது, கரையை உயர்த்த வேண்டும் என்பது பொறியாளர்கள் கருத்து. இவர் பல பத்தாண்டு மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் எடுத்துப் போட்டுப் பார்த்தார். படுகை மேடேறியதாகத் தெரியவில்லை. மேல்பகுதியில் பெய்த அதிக மழைதான் காரணம் என்று காட்டினார். கரையை உயர்த்துவதில் பயனில்லை, மேலே நீரைத் தேக்கத்தான் வழி பார்க்க வேண்டும் என்பது அதன் முடிவு.

கல்லூரியின் இயற்பியல் துறையிலேயே ஓர் அறையில் புள்ளியியல் ஆய்வுக்கூடம் நடந்தது. அதிலிருந்து 1931 டிசம்பர் 17-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிறந்தது. முதல் வருஷச் செலவு 238 ரூபாய். 1933-இல் சங்க்யா என்ற ஆய்விதழ். 1936-இல் இன்றும் உலகம் முழுக்க அவர் பெயராலேயே வழங்கும் மகலனோபிஸ் தொலைவு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிள்ளைகள் அந்தப் பெயரைத் தினமும் பார்க்கிறார்கள். அது ஒரு வங்காளத்து வாத்தியார் பெயர் என்பது பல பேருக்குத் தெரியாது.

பக்கத்து வயல் சொல்லும் பொய்

இனிமேல் வருவதுதான் என்னை உலுக்கிய பகுதி. 1937-இல் வங்காளத்தில் சணல் எவ்வளவு ஏக்கர் பயிரிடப்படுகிறது என்று கணக்கிடும் வேலை அவரிடம் வந்தது. ஒவ்வொரு வயலாக எண்ணினால் ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் சணல் சந்தைக்கே வந்துவிடும். வரைபடத்தில் சமவாய்ப்பு முறையில் புள்ளிகளைப் போட்டு, அந்த இடத்தில் ஒரு சிறு சதுரத்தை மட்டும் அளந்து மொத்தத்தைக் கணிப்பது அவர் வழி. முதலில் சின்ன அளவில் முன்னோட்டக் கணக்கெடுப்பு, பிறகு பெரிது என்று ஆண்டுக்கு ஆண்டு படிப்படியாக வளர்த்தார்.

அதில் ஒரு கேள்வி வந்தது. சதுரத்தைப் பெரிதாக்கினால் என்ன? ஒரே இடத்துக்குப் போன ஆள் இன்னும் பத்து வயலைச் சேர்த்து அளந்துவிட்டு வரலாமே, நடை மிச்சம்தானே? மகலனோபிஸ் இதை வாதத்தால் முடிக்கவில்லை, அளந்து பார்த்தார். சதுரத்தைப் பத்து மடங்காக்கினால் தகவல் பத்து மடங்காகவில்லை. காரணம் எளிது. ஒரு வயலில் சணல் என்றால் பக்கத்து வயலிலும் பெரும்பாலும் சணல்தான். அதே மண், அதே தண்ணீர், அதே சந்தை. பக்கத்து வயல் புதுச் செய்தி எதையும் சொல்வதில்லை. முன்னது சொன்னதையே திருப்பிச் சொல்கிறது. அதை முழுச் சாட்சியாக எண்ணிவிட்டால், நாம் ரொம்பத் துல்லியமாக இருக்கிறோம் என்ற பொய் நம்பிக்கைதான் மிஞ்சும்.

நூலகத்தில் இதைப் படித்தபோது மேஸ்திரியின் குரல் காதில் கேட்டது. 37-ஆவது வண்டி ஒரு மணி நேரம் நின்றால், 38-ஆவது வண்டி எங்கே நிற்கும்? அதன் பின்னால்தானே! வரிசையில் அடுத்தடுத்த காத்திருப்புகள் பக்கத்து வயல்கள் மாதிரி. நான் 500 சாட்சிகள் என்று எண்ணியது ஒரு சாட்சி ஊரெல்லாம் போய்ச் சொன்ன ஒரே கதை. பாடப் புத்தகத்தில் இதற்குத் தன்னொட்டுறவு என்று பெயர்.

எவ்வளவு மோசம் தெரியுமா? என்னுடையது போன்ற, 90 சதவீத நேரம் வேலையில் இருக்கும் ஒற்றை மிஷின் வரிசையில், நீண்ட ஓட்டத்தில் சுமார் 360 வண்டிகள் சேர்ந்தால்தான், ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஒரே ஒரு வண்டி தரும் தகவலுக்குச் சமம். வர்க்கமூலம் எடுத்தால், நான் போட்ட மாதிரிப் பிழைக் கணக்கு சுமார் 19 மடங்கு குறைவாக வரும். கூட்டல் கழித்தல் இரண்டரை நிமிடம் என்றேனே, அந்த இரண்டரைக்கு அர்த்தமே இல்லை.

இரண்டு குழு, ஒரே ஊர்

சரி, உண்மையான பிழையை எப்படித் தெரிந்துகொள்வது? மகலனோபிஸ் செய்த வழி ரொம்ப எளிமையானது. ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுப்பார். ஒன்றை ஒரு குழு அளக்கும், இன்னொன்றை வேறொரு குழு. ஒரு குழு கண்டது இன்னொன்றுக்குத் தெரியாது. கடைசியில் இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால், அந்த வித்தியாசமே நம் உண்மையான பிழையின் அளவு. அதில் மாதிரியின் பிழை இருக்கும். வெயிலில் அலைந்து சலித்தவன் போட்ட தப்பு எண்ணும் இருக்கும். வயலுக்கே போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பிய தாளும் இருக்கும். ஊடுருவும் துணை மாதிரிகள் என்று இந்த முறையைச் சொல்லலாம்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த அடக்கம். என் சூத்திரம் பிழையைச் சொல்லிவிடும் என்று அவர் நம்பி உட்காரவில்லை. வேலையையே இரண்டு தடவை தனித்தனியாகச் செய்யவைத்து, எவ்வளவு ஆடுகிறது என்று கண்ணால் பார்த்தார். இரண்டு முறை செய்யக் காசு எங்கே என்று கேட்டால், மொத்த மாதிரியைத்தான் இரண்டாகப் பிரிக்கிறோம். கூடுதல் செலவு பெரிதில்லை என்பதே பதில்.

1944-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் பெரிய அளவு மாதிரிக் கணக்கெடுப்புகள் பற்றிய அவர் கட்டுரை வந்தது. 1945-இல் அந்தச் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1943-இன் வங்காளப் பஞ்சத்துக்குப் பிறகு, எத்தனை குடும்பம் நிலத்தை இழந்தது, யார் என்ன ஆனார்கள் என்று கணக்கெடுத்ததும் அவர் நிறுவனம்தான். எண்ணிக்கை தப்பானால் யார் வயிற்றில் அடிபடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவரையும் மறித்தவர் ஒருவர்

பெரியவர்களைப் பற்றி எழுதும்போது புகழ் மட்டும் எழுதினால் மாணவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. மகலனோபிஸுக்கும் ஒரு சறுக்கல் உண்டு. விளைச்சலைக் கணிக்க, வயலில் ஒரு சிறு வட்டத்துக்குள் இருக்கும் பயிரை அறுத்து நிறுப்பது அவர் நிறுவனத்தின் வழக்கம். டெல்லியில் வேளாண் ஆராய்ச்சியில் இருந்த பி. வி. சுகாத்மே இதை மறுத்தார். வட்டம் சின்னதாக இருந்தால், விளிம்பில் நிற்கும் செடியை உள்ளே சேர்ப்பதா வெளியே விடுவதா என்ற சந்தேகம் அடிக்கடி வரும். அறுக்கிற கை அதை உள்ளேயே சேர்த்துக்கொள்ளும். ஆகவே விளைச்சல் எப்போதும் கூடுதலாகவே தெரியும் என்று 1940-களில் சோதனை செய்து காட்டினார். இருவருக்கும் வாதம் பல ஆண்டு நடந்தது. மிகச் சிறிய வட்டங்களைப் பொறுத்தவரை சுகாத்மே சொன்னது நிலைத்தது.

இதில் நமக்கு என்ன? இரண்டு குழுவும் ஒரே பக்கம் சாய்ந்தால், இரண்டு விடையும் அழகாக ஒத்துப்போகும். இரண்டும் தப்பாக இருக்கும். திரும்பத் திரும்பச் செய்வது ஆட்டத்தைக் காட்டும், சாய்வைக் காட்டாது.

என் சிமுலேஷனிலும் அப்படி ஒரு சாய்வு இருந்தது. என் புரோகிராம் ஒவ்வொரு தடவையும் ஆளில்லாத மிஷினோடு தொடங்கியது. முதல் வண்டிக்குக் காத்திருப்பே இல்லை. அடுத்த சில வண்டிகளும் சுகமாகப் போய்விடும். உண்மைத் தோல் ஷாப்பில் நேற்று மிச்சமான வண்டி இன்று காலையில் முதலில் நிற்கும். காலியாகத் தொடங்கும் ஓட்டத்தை நூறு தடவை ஓட்டினாலும் நூறும் கீழே சாயும். ஆகவே வரிசை தன் இயல்பான நிலைக்கு வரும்வரை முதல் பகுதியை வெட்டி எறிய வேண்டும். அதற்குப் பிறகு வருவதைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நாடு முழுக்க

சுதந்திரத்துக்குப் பிறகு அவர் வேலை நாடளவுக்கு விரிந்தது. 1949-இல் மத்திய அமைச்சரவைக்குப் புள்ளியியல் ஆலோசகர். 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் தாளோடு வந்து, மாதம் அரிசிக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு என்று கேட்டால், அது அவர் போட்ட விதை. அந்த ஆய்விலும் துணை மாதிரி முறையைக் கொண்டுவந்தார். 1951-இல் மத்திய புள்ளியியல் அமைப்பு. 1956-இல் அவர் நிறுவனத்துக்கு இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.-2எம் என்ற கம்ப்யூட்டர் வந்தது. இந்தியாவுக்கு வந்த முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் அதுதான். அதே ஆண்டு தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் அவர் போட்ட கணித மாதிரியின் மேல் எழுந்தது. கனரகத் தொழிலுக்கு முதலிடம் தந்த அந்தத் திட்டத்தின் மேல் பொருளாதார அறிஞர்களுக்கு இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. அளந்து காட்டியதில் அவருக்குக் கிடைத்த ஒப்புதல், திட்டமிட்டதில் முழுதாகக் கிடைக்கவில்லை.

1968-இல் பத்ம விபூஷண். 1972 ஜூன் 28-ஆம் தேதி, 79-ஆவது பிறந்த நாளுக்கு முந்தின நாள், காலமானார். 2007 முதல் ஜூன் 29 தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

மறுபடி அந்த லேப்

படித்து முடித்துவிட்டு சாரிடம் போனேன். ஓட்டிப் பார் என்றார். முதலில் என் பழைய 500 வண்டி ஓட்டத்தையே, ஒவ்வொரு தடவையும் வேறு ரேண்டம் எண் வரிசை கொடுத்து, பத்து தடவை ஓட்டினேன். சொன்னா நம்ப மாட்டீங்க. ஒன்று 20 நிமிடத்தை ஒட்டி வந்தது. இன்னொன்று 100-ஐத் தாண்டியது. மற்றவை நடுவில் சிதறிக் கிடந்தன. கூட்டல் கழித்தல் இரண்டரை நிமிடம் என்று நான் தடித்த எழுத்தில் அடித்தது இதைத்தான்.

பிறகு ஒழுங்காகச் செய்தோம். ஓட்டத்துக்கு 20,000 வண்டி. முதல் 2,000 வண்டியைக் கணக்கில் விட்டுவிட்டோம். இப்படிப் பத்து ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்தின் சராசரியும் ஒரு எண், அவ்வளவுதான். 1,80,000 காத்திருப்புகளிலிருந்து நமக்குக் கிடைப்பது பத்தே எண்கள். ஆனால் அந்தப் பத்தும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்து சாட்சிகள். அவற்றின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் எடுத்து, டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த காசெட் தந்த டீ அட்டவணையில் 9 என்ற வரியைப் பார்த்துப் பிழை போட்டோம். 54 இடைவெளிக்குள் வந்து உட்கார்ந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் கம்ப்யூட்டர் வேலையை முடித்திருந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய், அத்தனை பேருடைய ராத்திரிகளை நான் செலவழித்திருக்கிறேன்.

மாணவர்கள் குறித்துக்கொள்ள ஒரு கணக்கு. விடையில் 10 சதவீதத் துல்லியம் போதும் என்று வைத்துக்கொள்வோம். மிஷின் பாதி நேரம் சும்மா இருக்கிற வரிசையில் சுமார் 11,000 வண்டி போதும். 90 சதவீதம் ஓடுகிற வரிசையில் சுமார் 1,70,000 வண்டி வேண்டும். எந்த வரிசையில் முடிவு எடுப்பது கஷ்டமோ, அந்த வரிசையில்தான் சிமுலேஷனும் அதிகம் ஏமாற்றும். நெரிசல் கூடக் கூட ஓட்டமும் நீள வேண்டும்.

இது தோல் ஷாப்புக்கு மட்டுமில்லை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் வெளிவாயில் ஒரே அரை மணியில் பத்து பாட்டில் பிடித்தால், அது பத்து சாட்சியா? அதே டிரம் திறந்துவிட்ட அதே தண்ணீர். வேறு வேறு நாள், வேறு வேறு நேரம் பிடித்த பத்து பாட்டில்தான் பத்து. ஆஸ்பத்திரி ஓபி வரிசை, டோல்கேட் வரிசை, வங்கிக் கவுன்ட்டர், இப்போது செல்போன் டவர், எல்லாவற்றிலும் இதே கதை. இன்றைய லேப்டாப்பில் ஒரு கோடி வண்டியை நொடியில் ஓட்டலாம். ஆகவே ஆபத்து குறைந்துவிட்டது என்று நினைக்காதீங்க. தசம ஸ்தானங்கள் கூடக்கூட, ஒரே தடவை ஓட்டிவிட்டு நம்பிவிடும் ஆசையும் கூடுகிறது.

கம்பெனி பிறகு இரண்டாவது மிஷின் வாங்கியது. நான் முதலாளியிடம் போய், தப்பு என்னுடையதுதான், ஆட்கள் மேல் இல்லை என்று சொல்லி, மறுசீவலுக்குக் கூலி கேட்டேன். ஒரு பகுதி கிடைத்தது. மேஸ்திரியிடம் புதுத் தாளைக் காட்டி, அண்ணே, நீங்க சொன்ன கும்பல் இதில் வந்துடுச்சு என்றேன். அவர் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. வரிசையைத்தான் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

சார் இன்று இல்லை. அவர் வகுப்பறையில் இன்று வேறு யாரோ பாடம் நடத்துகிறார்கள். லேபில் உட்கார்ந்து புராஜெக்ட் செய்யும் தம்பி, தங்கைகளே, உங்கள் திரையில் வரும் அந்த ஒற்றை எண்ணை அறிக்கையில் எழுதுவதற்கு முன்னால், கல்கத்தாவில் ஒரு வாத்தியார் ஒரே ஊருக்கு இரண்டு குழு அனுப்பினார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்பது தடவை ஓட்டுங்கள். அந்த எண்ணை நம்பி எங்கேயோ ஒருவர் ராத்திரி ஷிப்டுக்கு வரப்போகிறார்.